சந்திரனுக்குப் போய்வந்த பதக்கமும் புஷ்பாவின் சனிக்கிழமைகளும்

குவைத்தில் இருக்கும் என் மகன் செல்வத்துக்கு, மஸ்கெலியாவிலிருந்து அப்பா எழுதுவது.

போன மாதம் நீ எனக்கு மட்டும் தனியாக எழுதிய கடிதம் கிடைத்தது. நான்கு முறை வாசித்தேன். "புஷ்பா எங்க போறா, வீட்டுக்கு யார் வர்றாங்க போறாங்க, கொஞ்சம் கவனிச்சு எழுதுங்கப்பா. அவளுக்குத் தெரிய வேணாம்" என்று கேட்டிருந்தாய். உன்னோடு வேலைசெய்கிறவர் ஒருவருடைய மனைவியைப் பற்றி ஏதோ செய்தி வந்ததாகவும், அதிலிருந்து உனக்கும் மனது நிலைகொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தாய். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் புஷ்பாவை விட்டுப் புறப்பட்டுப் போனவன் நீ. உன் பதைப்பு எனக்குப் புரியாமல் இல்லை. முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல வராது. அது உனக்கும் தெரியும். சின்ன வயதில் நீ ஒரு கேள்வி கேட்டால் நான் மூன்று கதை சொல்கிறேன் என்று உன் அம்மாவிடம் புகார் செய்தவன் தானே.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே நான் கவனிக்கத் தொடங்கிவிட்டேன். அதுவரை புஷ்பா வீட்டுக்குள் எங்கே நடக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. தேத்தண்ணி வரும், குடிப்பேன்; பத்திரிகை வரும், வாசிப்பேன். உன் கடிதத்துக்குப் பிறகு அவள் செருப்புச் சத்தம்கூட எனக்குச் சேதி ஆகிவிட்டது. சனிக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் ஹற்றனுக்குப் போகிறாள். நான் கேட்காமலே "டெய்லர் கடைக்கு மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மூன்று மணிக்குத் திரும்பி வருகிறாள். கையில் துணி இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை எந்தச் சேலை கட்டிக்கொண்டு போகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நீ கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிக் கொடுத்த நீலச் சேலை. உடனே, இதை ஏன் இன்றைக்குக் கட்டினாள் என்று மனது கேட்டது. பழைய சேலை கட்டியிருந்தால், யாரும் அடையாளம் காணாமலிருக்கத்தான் கட்டினாள் என்று நினைத்திருப்பேன். அப்போதுதான் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். ஜன்னலோரம் நிற்கும் இந்த ஆளை எனக்கு ஏற்கனவே தெரியும். பூண்டுலோயாவில் பார்த்திருக்கிறேன்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது உனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வெள்ளைக்காரப் பெரிய துரை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு சின்னப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளிப் பதக்கம் ஒன்று. ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் சந்திரனின் மேடுபள்ளமும் அதன்மேல் ஒரு சிறு விண்கலமும். பின்பக்கம் மூன்று திகதிகள், ஊசியால் கீறியதுபோல மெல்லிய எழுத்தில், கறுப்பு நிரப்பி: புறப்பட்ட நாள், சந்திரனில் இறங்கிய நாள், திரும்பிய நாள். துரையின் தம்பி அந்தக் கலங்களுக்கு ஏதோ பாகம் செய்யும் இடத்தில் வேலையாம். போகிறவர்கள் தங்கள் சொந்தப் பையில் இப்படிச் சில பதக்கங்களைக் கொண்டுபோய், திரும்பி வந்ததும் வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் நினைவாகக் கொடுப்பார்களாம். தம்பி அனுப்பியது இரண்டு. ஒன்று போய்வந்தது. மற்றது அதே அச்சில் அடித்து வீட்டிலேயே இருந்தது. திரும்பிய பிறகுதான் திகதி பொறிப்பார்கள் என்பதால் போகாததன் முதுகு வெறுமையாக இருக்கும். "போகாததை நான் வைத்துக்கொள்கிறேன், போனதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார்.

பிள்ளைகள் பார்த்தார்கள். வரிசையில் நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டார்கள். "சார், அங்கயும் காலையில பெரட்டு அடிப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். தினமும் விடியலில் தாயும் தகப்பனும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று வேலைக்குப் போவதைப் பார்க்கிற பிள்ளை வேறு என்ன கேட்கும்? துரையோடு கூட வந்திருந்த பங்களாச் சமையற்காரர் முத்தையா, பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். "அங்க தேயில வெளையுமா சார்?" என்றார். "வெளையாது முத்தையா, காத்தே கெடையாது." "அப்ப சரி. வெளையும்னா மொதல்ல நம்மளத்தான் கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு, துரைக்குப் புரியாது என்ற தைரியத்தில் உரக்கச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தேகத்தோடு சிரித்தேன். நல்லதைக் கொடுத்துவிட்டுச் சாதாரணத்தை வைத்துக்கொள்கிறவர் யார்? மாலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். மூன்று திகதிகளையும், பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் வைத்தேன். அப்படி எழுதியதற்குப் பெயர் கவனம் என்று அப்போது நினைத்தேன்.

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போது பதக்கத்தை அங்கே விட மனதில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழையில் அது கறுத்துப்போயிருந்தது. உன் அம்மா அதை வாங்கிச் சாமிப் படத் தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது சாமிச் சாமான் இல்ல, விஞ்ஞானச் சாமான்" என்றேன். "சந்திர பகவான்கிட்ட போயிட்டு வந்தது, வேற எங்க வைக்கிறது?" என்றாள். அந்த விடுமுறையில் ஒருநாள் நான் வெளியே போயிருந்தபோது முத்தையா வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அல்லவா, அவர் குடும்பத்துக்கும் இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, புறப்பட வேண்டும், மகள் தங்கமணிக்குப் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் தேவை. உன் அம்மா அவரை முன்னறையில் உட்காரவைத்துச் சாயத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தங்கமணியை உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஒரு வகுப்பு கீழே. மனக்கணக்கில் உன்னையே முந்துவாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பதக்கத்தை அலுமாரியில் வைக்கப் போனேன். பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். முதுகு வெறுமையாக இருந்தது, ஒரு எழுத்து இல்லை. வட்டாரக் கல்வி அதிகாரி வரப்போகிறார், புத்தகத்தில் மூன்று திகதிகள் என் கையெழுத்தோடு இருக்கின்றன, கையில் இருப்பதில் ஒன்றும் இல்லை. என் மூளை அன்றைக்கு வேலைசெய்ததுபோல எந்தப் பரீட்சையிலும் வேலைசெய்ததில்லை. போனது கறுத்திருந்தது, இது பளபளக்கிறது, ஆகவே இது வேறு. வேறு என்றால் துரையிடம் இருந்த போகாத பதக்கம். துரையின் சாமான்களைப் பெட்டியில் அடுக்கியது யார்? முத்தையா. பதக்கம் வீட்டில் இருந்தபோது முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தது யார்? முத்தையா. கடல் தாண்டிப் போகப்போவது யார்? ஒவ்வொரு படியும் சரியாக வந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தால் விடை பிழையாக இருக்க முடியாது என்று நம்பினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விசாரித்தேன். ஆனால் என் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடச் சாமான் ஒண்ணு காணோம், முத்தையா வந்துபோனதைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியே ஒரு மனிதனைக் கள்ளனாக்கப் போதும் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை முத்தையா பத்திரத்துக்கு வந்தார்.

"சார், வர்ற புதன்கெழமை ஹற்றன்ல கோச்சி ஏறணும். பாப்பாவோட சர்டிபிக்கேட்டு..."

"தர்றேன். அதுக்கு முந்தி நீ ஒண்ணு தரணும்."

"நானா? என்னா சார்?"

"சந்திரனுக்குப் போயிட்டு வந்தது."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "அத வச்சு நான் என்னா சார் பண்றது? ஊருல போயி, நானுந்தான் அங்க சமைக்கப் போயிருந்தேன்னு சொல்லவா?"

"சிரிக்காத முத்தையா."

அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேசையில் கிடந்த முத்திரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெட்டி கட்டித்தான் வச்சிருக்கு. நீங்களே வந்து பாத்துக்குங்க சார்" என்றார்.

செல்வம், அந்த இடத்தில் நான் நின்றிருக்கலாம். வேண்டாம் முத்தையா, போ என்று சொல்லியிருக்கலாம். நான் போனேன். அவர்களுடைய லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், தகரப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு அவர் வாசலில் ஒதுங்கி நின்றார். கம்பளி இரண்டு, பித்தளைச் செம்பு, பங்களாவில் உடுத்திய வெள்ளை உடுப்பு மடிப்புக் கலையாமல், துரை கொடுத்த நற்சாட்சிக் கடிதம், தங்கமணியின் கொப்பிகள். கொப்பிகளில் என் சிவப்பு மை. என் கை உள்ளே துழாவிக்கொண்டிருக்கும்போது முத்தையாவின் மனைவி சொன்னார்: "அடியில இருக்கிற சீலையையும் ஒதறிப் பாருங்க வாத்தியாரய்யா. பெறகு பாக்கலன்னு ஒரு கொறை இருக்கக் கூடாது." உதறிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அப்போதாவது என் சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்பாய். தீரவில்லை. பெட்டியைத் தானே திறந்து காட்டுகிறான் என்றால் வேறெங்கோ ஒளித்துவிட்டான் என்றுதான் என் மனது சொன்னது. பொருள் கிடைத்திருந்தால் அவர் கள்ளன். கிடைக்காததால் கெட்டிக்காரக் கள்ளன். அவர் என்ன செய்திருந்தால் நான் நம்பியிருப்பேன் என்று பலதடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

பத்திரத்தைக் கொடுக்கவில்லை. மேலிடத்து ஒப்பம் வரவேண்டும், பிறகு தபாலில் அனுப்புகிறேன் என்று பொய் சொன்னேன். திருச்சிப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவருடைய விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை தோட்டமே ஹற்றன் ரயில் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிற்று. உன் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். திரும்பி வந்து நீ, "அப்பா, தங்கமணி சார் வரலியான்னு கேட்டுச்சு" என்றாய்.

இரண்டு மாதம் கழித்து, பிள்ளைகளுக்குக் காசின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சதக் குற்றிகளை எல்லாம் தேய்த்து முடித்த பிறகு, பெரிதாக ஒன்று காட்டலாம் என்று அலுமாரியிலிருந்து அந்தப் பதக்கத்தை எடுத்தேன். முன்பக்கம் நன்றாக வந்தது. பின்பக்கத்தைத் தேய்த்தது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை. "சார், இதுல எழுத்து வருது சார்" என்றது. பென்சில் கறுப்புக்கு நடுவில் வெள்ளைக் கோடாக முதல் திகதி, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. சம்பவத்திரட்டில் நான் எழுதிய அதே மூன்று. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

"இத நீ தொட்டியா?" என்றேன்.

"தொட்டேனே" என்றாள் உன் அம்மா. "லீவு முழுக்க வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வெளக்கோட சேத்துப் புளி போட்டு, செங்கத்தூள் வச்சுத் தேச்சேன். பின்னால கறுப்புக் கறுப்பா அழுக்கு அப்பியிருந்துச்சு, அது போக ரொம்ப நேரம் புடிச்சிச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? பள்ளிக்கூடச் சாமான் காணோம், பள்ளிக்கூடச் சாமான் காணோம்னு லயம் லயமா அலைஞ்சீங்க. நான் மணியோ புத்தகமோன்னு நெனச்சேன். இதுதான் தட்டுல பளபளன்னு இருந்துச்சே, நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இதுக்கா அந்த மனுசன் பெட்டிய ஒதறுனீங்க?"

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டு விளக்கு பொன்போல இருக்கும். யார் தேய்க்கிறார்கள், எதைப் போட்டுத் தேய்க்கிறார்கள் என்று ஒருநாளும் யோசிக்காதவன், சந்திரனுக்குப் போனவர்களின் பையில் என்னென்ன இருந்தது என்று சஞ்சிகை சஞ்சிகையாக வாசித்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்ததும் வெளியே ஓடினேன். வீட்டுக்குள் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளே விடுகைப் பத்திரத்தை எழுதி முத்திரை குத்தித் தபாலில் சேர்த்தேன். கூடவே ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, நான்காவது வரியில் கிழித்துப்போட்டேன். பத்திரம் மட்டும் போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. முத்தையா சொல்லச் சொல்லத் தங்கமணி எழுதியது. அந்தக் கையெழுத்து நான் கற்றுக்கொடுத்தது. பத்திரம் கிடைத்தது, ரொம்ப நன்றி சார். ஆனால் அது வருவதற்கு முன்பே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்ததாம். கையில் ஒரு அத்தாட்சியும் இல்லாததால், இங்கே ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்களாம். "பரவாயில்ல சார், படிச்சதையே படிக்குது, லேசா இருக்குன்னு சொல்லுது" என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: "அந்தச் சாமான் கெடச்சிருச்சா சார்? கெடைக்கலன்னா எனக்கு மனசு கேக்காது." நான் அதற்குப் பதில் எழுதவில்லை. உன் அம்மா சாகும்வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள், "எழுதிட்டீங்களா?" என்று. எழுதுகிறேன் என்பேன். போன வாரம்தான் எழுதினேன். அந்த விலாசத்தில் இன்னும் இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ, தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதக்கம் உண்மையிலேயே சந்திரனுக்குப் போனதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போய்வந்த வெள்ளியைக் கொஞ்சம் எடுத்து, வேறு வெள்ளியோடு சேர்த்து உருக்கி, ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுத்ததும் உண்டு என்று பிறகு ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். திகதியை யாரும் பொறிக்கலாம். துரையின் தம்பி துரையை ஏமாற்றியிருக்கலாம், துரை என்னை ஏமாற்றியிருக்கலாம். பார்த்தாயா, வயது போயும் என் புத்தி எங்கே ஓடுகிறது என்று. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த வெள்ளித் துண்டின் பேரில் ஒரு பிள்ளைக்கு மூன்று வகுப்பு போயிற்று.

இனி உன் விஷயம். மூன்றாவது சனிக்கிழமை ஜன்னலோடு நான் நிறுத்தியிருந்தால் நல்லது. நிறுத்தவில்லை. திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம், புஷ்பா யாரோடு பஸ் ஏறுகிறாள் என்று, ஏதோ வேறு பேச்சு பேசுவதுபோலக் கேட்டேன். அன்று மாலையே புஷ்பாவுக்குச் செய்தி போய்விட்டது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, கடைக்காரர்ட்ட என்னமோ கேட்டீங்களாமே."

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே மாமா. நான் இங்கதானே இருக்கேன்."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா நின்றதுபோலவே நின்றாள். அதனால் இந்தத் தடவை கேட்டேன். "டெய்லர் கடைன்னு சொல்லிட்டு, சனிக்கெழமையில எங்கம்மா போற?"

"அவர் எழுதச் சொன்னாரா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. "அப்ப அவரே எங்கிட்ட கேக்கட்டும் மாமா. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, கேட்டா சொல்லுவேன். வாரம் தவறாம எழுதுறாரு. அங்க வெயிலு, இங்க மழையா, அப்பா மருந்து குடிக்கிறாங்களா, இதத்தான் கேக்குறாரு. நீ எப்படி இருக்க, எங்க போற, என்னா செய்றன்னு ஒரு தடவ கேட்டிருக்காரா? கேக்காதவருக்கு நான் என்னான்னு எழுதுறது?"

அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது. இதை வாசித்ததும் உன் மனது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்: அப்பாவுக்குத் தெரியும், மறைக்கிறார். நான் ஒன்றுமில்லை என்று எழுதினாலும் நம்பமாட்டாய், ஏதோ இருக்கிறது என்று எழுதினால் உடனே நம்புவாய். நான் உதறிய பெட்டி அப்படித்தான் இருந்தது. ஆகவே உனக்காகப் பார்த்து எழுதும் வேலையை நான் செய்யமாட்டேன். நீ அவளுக்கு எழுது. மழையை விட்டுவிட்டு நேராகக் கேள். அவள் சொல்லும் பதில் உனக்குப் பிடிக்காமலும் போகலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் அது அவள் வாயால் வரவேண்டும். அப்பாவின் கடிதத்திலோ கடைக்காரர் பேச்சிலோ வரக்கூடாது. தாமதிக்காதே. நான் தாமதித்ததைப் பார்த்தாய் அல்லவா?

நாளைக்குச் சனிக்கிழமை. புஷ்பா ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போவாள். ஹற்றன் தபால் கந்தோரில் சேர்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். உறையை நான் ஒட்டவில்லை. வாசிப்பதும் வாசிக்காததும் அவள் விருப்பம். அவள் போகும்போது நான் பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து ரோட்டு தெரியாது.